தாதி அக்கா பதில்கள்: காலையில் மட்டும் வரும் வாந்தி

செப்டம்பர் மாதம் சிறார் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்றும், அதன் அடையாளம் தங்க நிற ரிப்பன் என்றும் சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதியிருந்தேன். உண்மையைச் சொன்னால், இடத்தை நிரப்பத்தான் எழுதினேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள், ஓராண்டாகச் சர்க்கரை நோய் பற்றி நான் எழுதித் தள்ளியதற்கு வந்தவற்றைவிட அதிகம். அதிலும் பாதிக்குமேல் பிள்ளைகளின் மூளைக் கட்டி பற்றியவை. ஆகவே இந்த மாதம் பக்கம் முழுக்க அதற்கே. மூட்டுவலிக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. 1978-ல் தாதியாகச் சேர்ந்து 2016-ல் ஓய்வு பெற்றவள். அதில் இருபத்தாறு ஆண்டுகள் புற்றுநோய்ப் பிள்ளைகளின் வார்டில் இருந்தேன்.

செங்காங் வாசகி: என் மகனுக்கு எட்டு வயது. மூன்று வாரமாகத் தலைவலி என்கிறான். மருந்தகத்தில் கண்ணைச் சோதிக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, "மூளைக் கட்டியாக இருக்கும், உடனே ஸ்கேன் எடு" என்கிறார். எனக்குத் தூக்கமே போய்விட்டது அக்கா.

முதலில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஸ்கேன் என்பது கேட்டதும் கலக்கிக் கொடுக்கும் கோப்பி-ஓ இல்லை.

எட்டு வயதில் தலைவலிக்குக் காரணங்கள் ஏராளம், தங்கச்சி. கண்ணாடி தேவைப்படலாம். தூக்கம் போதாமல் இருக்கலாம். சளி, வெறும் வயிற்றோடு பள்ளிக்கு ஓடுவது, ஒற்றைத் தலைவலி என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். தலைவலி என்று வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கட்டி கிடையாது. கண்ணைச் சோதிக்கச் சொன்னதும் நல்ல யோசனைதான். ஆனால் கண்ணாடிக் கடையில் எழுத்தை வாசிக்கவைத்து அனுப்பிவிட்டால் போதாது. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பின் முனை வீங்கியிருக்கும். அங்கே பிடிபட்டு எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. வலி எந்த நேரத்தில் வருகிறது? தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறதா? காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறானா? எடுத்தபிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பசிக்கிறது என்கிறானா?

இந்தக் கடைசிக் கேள்வியை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளவில்லை. அதைவிட அதிகமாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

1993-ல் என் தங்கை மகன் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தான். வீடு அங் மோ கியோவில். ஆறேகாலுக்குப் பள்ளிப் பேருந்து. ஐந்தரைக்கு எழுப்பினால் நேராகக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுப்பான். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. அரை மணி நேரத்தில் மைலோ கேட்பான். தங்கை என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான்தான் பெரிய தாதி ஆயிற்றே, அந்த வார்டிலேயே மூன்றாண்டு வேலை பார்த்தவள் ஆயிற்றே. "பள்ளிக்கூடப் பயம். புது இடம், புது வாத்தியார். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்றேன். "சனிக்கிழமையும் எடுக்கிறானே அக்கா" என்றாள் அவள். நான் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடமே இல்லாத சனிக்கிழமையன்று பள்ளிக்கூடப் பயத்தில் யார் வாந்தி எடுப்பார்கள்?

அப்புறம், வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் நடக்கும்போதெல்லாம் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தான். விளையாடுகிறான் என்று நினைத்தோம். ஒரு கல்யாணத்தில் எடுத்த புகைப்படம் வந்தபோதுதான் அவன் ஒரு கண் உள்ளே திரும்பியிருப்பதைப் பார்த்தேன். பார்த்த அன்றைக்கே ஓடினோம். ஆறு வாரம் போயிருந்தது. சிறுமூளையில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி. மெடுல்லோபிளாஸ்டோமா என்று பெயர். என் வார்டுக்கே வந்தான், பதினோராம் எண் படுக்கைக்கு.

இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க பெரியம்மா, என் பேர் வேண்டாம். நீங்க டாக்டர்கிட்ட போகச் சொல்லலன்னு மட்டும் கண்டிப்பா போடுங்க" என்றான். போட்டுவிட்டேன்.

காலையில் ஏன்? மூளையைச் சுற்றி ஒரு நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கட்டி அதன் வழியை அடைத்தால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது அது இன்னும் கூடும். எழுந்து நின்று நடமாடினால் சற்றே இறங்கும். அதனால்தான் பிள்ளை பத்து மணிக்கு நன்றாக இருக்கிறது, டாக்டரைப் பார்க்கப் போகும் மாலை ஆறு மணிக்குத் துள்ளிக் குதிக்கிறது. டாக்டர் பார்ப்பது துள்ளிக் குதிக்கும் பிள்ளையை. காலை ஐந்தரை மணிப் பிள்ளையைப் பார்ப்பது நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே உங்கள் வேலை இது. கைப்பேசியில் தேதி போட்டு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வலி, எத்தனை முறை வாந்தி, எப்போது தெளிந்தான் என்று. நடை தள்ளாடினால் வீடியோ எடுங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே தொலைக்காட்சி பார்க்கிறானா, பொருள் இரண்டாகத் தெரிகிறது என்கிறானா, கையெழுத்து திடீரென்று கோணலாகிவிட்டதா, சாதுவான பிள்ளை எரிந்து விழுகிறதா, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிக்கிறதா என்றெல்லாம் பாருங்கள். தாத்தா பாட்டி வீட்டிலும் சொல்லி வையுங்கள், பல வீடுகளில் அவர்கள்தானே பிள்ளையைக் கூடுதலாகப் பார்க்கிறார்கள். கைக்குழந்தை என்றால் தலைச் சுற்றளவு. சுகாதாரக் கையேட்டில் அதற்கென்றே ஒரு வரைபடம் உண்டு. தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு மூடி வைக்காதீர்கள்.

வாந்தி இரண்டு வாரம் தொடர்ந்தாலோ, தலைவலி நான்கு வாரத்தைத் தொட்டாலோ மறுபடி டாக்டரிடம் போங்கள். தலைவலியோடு மற்ற அறிகுறி ஒன்று சேர்ந்துகொண்டால் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். "போன தடவை வயிற்று மருந்து கொடுத்தீர்கள், நிற்கவில்லை" என்று அதே டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். மூன்றாம் முறை போகிறோமே, ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று வெட்கப்பட்ட எத்தனையோ அம்மாக்களைப் பார்த்துவிட்டேன். வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, கண் திடீரென மாறுகண் ஆனாலோ எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். நேரே கேகே மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவுக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போங்கள்.

பிரிட்டனில் 2011-ல் 'ஹெட்ஸ்மார்ட்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, இந்த அறிகுறிகளைச் சிறு அட்டையில் அச்சடித்துப் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் டாக்டர்களுக்கும் கொடுத்தார்கள். அறிகுறி தொடங்கியதிலிருந்து கட்டி கண்டுபிடிக்கப்படும்வரை முன்பு 14 வாரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அது 7 வாரத்துக்குக் கீழே வந்தது. ஓர் அட்டையால்! 1993-ல் என் தங்கை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அப்படி ஓர் அட்டை ஒட்டியிருந்தால், அவள் என்னைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

தோ பாயோ வாசகர்: என் பேத்திக்கு மூன்று வயது. சாப்பாடு ஊட்டக் கைப்பேசி, அழுகையை நிறுத்தக் கைப்பேசி. இதனால் மூளைப் புற்றுநோய் வரும் என்று மருமகளிடம் நீங்களாவது எழுதக் கூடாதா?

எழுத முடியாதே ஐயா. 14 நாடுகளில் 10 முதல் 24 வயது வரையானவர்களை வைத்து 'மோபி கிட்ஸ்' என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கைப்பேசிக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவரவில்லை. உறுதியாகத் தெரிந்த காரணங்கள் கொஞ்சம்தான்: தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு, சில பரம்பரை மரபணுக் கோளாறுகள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று சொல்லவே முடிவதில்லை. அம்மா கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாள் என்று பழி போடும் உறவினர்களை வார்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மூன்று வயதுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசி வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். அதற்குப் பேச்சு, தூக்கம், கண் என்று நியாயமான காரணங்கள் இருக்கும்போது புற்றுநோயை ஏன் இழுக்கிறீர்கள்? மருமகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது உங்கள் கையில் கைப்பேசி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல் வாசகி: 'ஹேர் ஃபார் ஹோப்' நிகழ்ச்சியில் மொட்டை போட்டுக்கொள்ளப் பெயர் கொடுத்துவிட்டேன். கல்யாணமாகி நான்கு ஆண்டு ஆகிறது. "சுமங்கலி மொட்டை அடிக்கலாமா, ஊர் என்ன சொல்லும்" என்று மாமியார் பேசுவதையே நிறுத்திவிட்டார். கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்.

நன்றாக விழிக்கட்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சிறார் புற்றுநோய் அறநிறுவனம் இங்கே சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கப்பட்டது. 2003 முதல் அவர்கள் நடத்தும் நிகழ்ச்சி இது. தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டி, எல்லார் முன்னாலும் தலையை மழித்துக்கொள்வார்கள்.

தங்கச்சி, மாமியாரிடம் சட்டம் பேசாதீர்கள். அவர் பழனிக்கோ திருப்பதிக்கோ சமயபுரத்துக்கோ போயிருப்பார். அங்கே பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு முடி இறக்கிய பெண்களைப் பார்த்திருப்பார், ஒருவேளை அவரே இறக்கியிருப்பார். அதைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். யாருக்காக இறக்கினீர்கள், எந்த வயதில், ஊருக்குத் திரும்பியபோது யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். பேசி முடிக்கும்போது பாதி வழி வந்திருப்பார். நம் ஆட்களுக்கு மொட்டை புதிதா என்ன? தேக்காவில் ஒரு மணி நேரம் நின்றால் சந்தனம் பூசிய தலை ஒன்றாவது கண்ணில் படும்.

மொட்டையால் பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்டால், நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து வயதுப் பெண் குழந்தை. மருந்து ஏறி முடி கொட்டிவிட்டது. தொப்பியைக் கழற்றவே மாட்டாள், குளிக்கும்போதுகூட. அப்பா பேருந்து ஓட்டுநர். ஒருநாள் பணி முடிந்து சீருடையோடு வந்தார், தலை பளபளவென்று இருந்தது. குழந்தை நெடுநேரம் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கும் ஊசி போட்டாங்களா?" என்றாள். "இல்லம்மா, எனக்குக் கடையில போட்டாங்க" என்றார். கடைக்குப் போனால் இப்படி ஆகிவிடும் என்று பயந்துபோய், அடுத்த வாரம் முழுக்க, கடைக்குப் போகும் எங்களையெல்லாம் அவள் எச்சரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் தொப்பி போய்விட்டது.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். கதிர்வீச்சு தலைக்கே கொடுக்கப்படும் மூளைக் கட்டிப் பிள்ளைகளில் சிலருக்குப் பட்ட இடத்தில் முடி சரியாகத் திரும்பி வராது. உங்களுக்கு மூன்று மாதத்தில் கிராப்பு வந்துவிடும். அவர்களிடம் பேசும்போது "எனக்கு வளர்ந்துவிடும், உனக்கும் வளர்ந்துவிடும்" என்று சொல்லாதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: சிறார் புற்றுநோய் ஆய்வுக்கு மாதம் 30 வெள்ளி கொடுக்கிறேன். "இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது, மூளைக்கு இத்தனை ஆண்டாகியும் ஒன்றையும் காணோம், உன் காசு எங்கே போகிறது" என்று நண்பர் கேலி செய்கிறார். என்ன பதில் சொல்ல?

உங்கள் நண்பர் கேட்பது நல்ல கேள்வி, கேலியை மட்டும் கழித்துக்கொள்வோம்.

எல்லப்பிரகட சுப்பாராவ் என்று ஒருவர். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனவர். அவருடைய ஆய்வுக்குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தை 1947-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள், கொஞ்ச மாதத்துக்குத்தான். ஆனால் அதுவரை அந்த நோயில் யாரும் எழுந்ததில்லை. அங்கிருந்து மருந்தோடு மருந்து சேர்த்து, அளவைக் கூட்டிக் குறைத்து, இன்று வசதியுள்ள நாடுகளில் அந்த வகை இரத்தப் புற்றுநோய் வரும் பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். எழுபது ஆண்டு வேலை. ஒரே மருந்தில் வந்ததில்லை.

மூளைக்கு மூன்று தடை. இரத்தத்தில் ஏற்றும் மருந்தில் பெரும்பாலானதை மூளை உள்ளே விடாது. அதன் இரத்தக் குழாய்களின் சுவர் அவ்வளவு இறுக்கமான காவல். நம்மைக் காப்பாற்றும் அதே காவல் கட்டியையும் காப்பாற்றுகிறது. இரண்டாவது, மார்பிலோ வயிற்றிலோ என்றால் கட்டியைச் சுற்றி ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டி எடுக்கலாம். மூளையில் அந்த விரற்கடையில்தான் பேச்சோ பார்வையோ மூச்சோ இருக்கும். மூன்றாவது, எண்ணிக்கை. சிங்கப்பூரில் 2024-ல் பிறந்ததே முப்பத்து மூவாயிரம் சொச்சம் பிள்ளைகள்தான். மூளைக் கட்டி என்பது ஒரே நோயும் இல்லை. மெடுல்லோபிளாஸ்டோமா ஒன்றையே 2012-ல் நான்கு வகையாகப் பிரித்துவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு வகைக்கு இங்கே ஓராண்டில் வரும் பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடலாம். அதை வைத்து எந்த மருந்தையும் சோதிக்க முடியாது. பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்தால்தான் கணக்குக்கே ஆள் தேறும். மருந்து நிறுவனங்களுக்கும் இவ்வளவு சிறிய சந்தையில் பெரிய ஆர்வம் இருப்பதில்லை. நன்கொடைக் காசு தேவைப்படுவது அங்கேதான்.

மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி என்ற கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுக்கவே முடியாத இடம். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் மூளைத்தண்டுக் கட்டியால் 1962 ஜனவரியில் இறந்தாள், மூன்று வயது நிரம்புமுன். அவளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவள் அப்பா ஏழாண்டில் நிலவுக்குப் போய்த் திரும்பிவிட்டார். நான் வேலையை விட்ட 2016-லும் எங்கள் வார்டில் அந்தக் கட்டிக்கு முதல் சிகிச்சை அதே கதிர்வீச்சுதான். பெரும்பாலான பிள்ளைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. உங்கள் நண்பருக்குக் கோபம் வருவதில் தப்பே இல்லை.

ஆனால் 2012-ல் ஒன்று நடந்தது. அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் எச்3 கே27எம் என்ற ஒரே மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கட்டியிலிருந்து ஊசி வைத்து எடுப்பதே ஆபத்து என்று அஞ்சிய காலம் அது. ஆய்வுக்குக் கிடைத்த திசுக்களில் பல, பிள்ளைகள் இறந்தபிறகு பெற்றோர் கொடுத்தவை. அந்தத் திசுவிலிருந்து ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்து, அவற்றின்மேல் மருந்துகளைச் சோதித்தார்கள். 2025 ஆகஸ்டில் டார்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த மரபணு மாற்றம் உள்ள கட்டி, சிகிச்சைக்குப் பிறகும் வளர்ந்தால் கொடுப்பதற்கு. குணப்படுத்தும் மருந்து என்று யாரும் சொல்லவில்லை, எல்லாப் பிள்ளைக்கும் வேலை செய்வதும் இல்லை. அமினோப்டெரினும் அப்படித்தான் தொடங்கியது என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

ஆய்வென்றால் புது மருந்து என்றுதான் நினைக்கிறோம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் பிள்ளை பிழைக்கும் என்று கண்டுபிடிப்பதும் ஆய்வுதான். என் தங்கை மகனுக்கு 1993-ல் மூளை முழுக்கவும் முதுகுத்தண்டு முழுக்கவும் 36 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிழைத்தான். உயரம் ஐந்தடியைத் தொடவில்லை. தைராய்டு மாத்திரை தினமும். மருந்தால் காது மந்தம், இரண்டு காதிலும் கருவி. கணக்கு எப்போதும் மெதுவாகத்தான் வரும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதிய ஆண்டு அவன் அழுததை நான் மறக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை பார்க்கிறான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிற்பாடு வந்த ஆய்வுகளால், கட்டி பரவாத பிள்ளைகளுக்கு மருந்தோடு சேர்த்து 23.4 கிரே போதும் என்று தெரிந்தது. இப்போது நல்ல வகைக் கட்டி என்றால் இன்னும் குறைக்கலாமா என்று பார்க்கிறார்கள். புரோட்டான் கதிர் சிகிச்சைக்கு முன்பு வெளிநாடு போனார்கள், 2023 முதல் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. அந்தக் கதிர் கட்டியோடு நின்றுவிடும், பின்னால் இருக்கும் நல்ல பகுதிக்குப் போவது மிகவும் குறைவு.

30 வெள்ளியைப் பற்றி ஒரே ஒரு யோசனை. கொடுக்கும் அமைப்பிடம் இது ஆய்வுக்கா, குடும்ப உதவிக்கா என்று கேளுங்கள். இரண்டும் வேண்டியதுதான், ஆனால் தெரிந்து கொடுங்கள். சிறார் புற்றுநோய் அறநிறுவனம் குடும்பங்களுக்கு ஆலோசனை, பிள்ளைகளுக்குப் படிப்பு, பண உதவி என்று கூடவே நிற்கிறது. 2006-ல் தொடங்கிய விவா அறக்கட்டளை சிகிச்சையிலும் ஆய்விலும் கவனம் வைக்கிறது. ஐபிசி தகுதி (நன்கொடைக்கு வரிக்கழிவு தர அரசு கொடுக்கும் அங்கீகாரம்) உள்ள அமைப்பு என்றால் 2026 இறுதிவரை நன்கொடையில் இரண்டரை மடங்குக்கு வரிக்கழிவு உண்டு. நண்பர் வரி கட்டுபவராக இருந்தால் இதைக் கடைசியாகச் சொல்லுங்கள், கேலி நின்றாலும் நிற்கும்.

துவாஸ் வாசகர், வேலை அனுமதியில் இருப்பவர்: ஊரில் அக்கா மகளுக்கு மூளையில் கட்டி என்கிறார்கள். தங்குவிடுதியில் எல்லாரும் சேர்ந்து பணம் திரட்டலாம் என்று வாட்ஸ்அப்பில் போட நினைக்கிறோம்.

தம்பி, பணத்துக்கு முன்னால் இடம். அக்காவிடம் எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். சிறார் புற்றுநோயை வழக்கமாகப் பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது, வேலூர் சிஎம்சி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அட்டை பெட்டிக்குள் இருக்கும், இவர்கள் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

அறையில் இருக்கும் நண்பர்கள் தாமாகக் கொடுப்பது வேறு. வெளிநாட்டுத் தேவைக்காக இங்கே பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டியிருக்கும். கேட்காமல் உண்டியல் தூக்கினால் உங்களுக்குத்தான் வம்பு. செய்தியில் குழந்தையின் படம் போட வேண்டாம். குழாயோடு படுத்திருக்கும் படம் ஒருமுறை கிளம்பிவிட்டால், அவள் கல்யாண வயதுவரை ஊர் ஊராகச் சுற்றும்.

ஊர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி: என் மகளுக்கு ஆறு வயது. நீங்கள் எழுதுவீர்களே, அந்த மூளைத்தண்டுக் கட்டி. பதினோரு மாதம் இருந்தாள். கடைசி வாரத்தில் டாக்டர், அவள் போனபிறகு கட்டியின் திசுவை ஆய்வுக்குத் தர முடியுமா என்று கேட்டார். "இன்னும் எதைக் கிழிக்கப் போறீங்க" என்று கத்திவிட்டேன். அந்தத் திசுக்களை வைத்துத்தான் ஆய்வு நடக்கிறது என்று இப்போது படிக்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்கு நான் துரோகம் செய்துவிட்டேனா அக்கா?

இல்லை.

மேலே ஜூரோங் வாசகருக்கு எழுதியதை எழுதிவிட்டு, உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. அது உண்மை, நீங்களும் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். ஆனால் டாக்டர் உங்களிடம் கேட்டது கொடை. கொடுக்கவில்லை என்பதற்காகக் கொடை கடனாகிவிடாது.

அந்தக் கேள்வியைக் கேட்கப் போகும் டாக்டர்களோடு நான் அறைக்குள் போயிருக்கிறேன். கதவுக்கு வெளியே நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். கத்து வாங்கத் தயாராகத்தான் உள்ளே போவார்கள். வெளியே வந்து, "அந்த அம்மா சாப்பிட்டாங்களா, பாருங்க" என்று என்னை அனுப்பியவரும் உண்டு. உங்கள்மேல் யாரும் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. சரி என்று சொன்ன அம்மாக்களும் பிறகு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள், தப்பு செய்துவிட்டோமோ என்று, இதே வார்த்தையில்.

கடிதத்தின் மூன்றாவது வரியில் மகளின் பெயரை எழுதி, பிறகு பேனாவால் அழுத்தி அடித்திருக்கிறீர்கள். முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. அதை மறுபடி எழுதி அனுப்புங்கள். அச்சில் போட மாட்டேன்.